மல்லாந்து கிடந்த ஆடு

மலைப்பாதையில் வேலியைத் தாண்டப் போட்டிருந்த கடைசிப் படியில் உட்கார்ந்து, ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீரை மூடியில் ஊற்றிக்கொண்டிருந்தபோது, பெரணிப் புதர்களுக்கு மேலே நான்கு கால்கள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருப்பதை கிளெனிஸ் பார்த்தாள். முதலில் காய்ந்த கிளை என்றுதான் நினைத்தாள். பிறகு அதில் ஒரு கால் மெதுவாக உதைத்தது. கேலோ குன்றடியில் பிறந்து வளர்ந்தவளுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. முந்தின இரவு நல்ல மழை. இன்னும் கத்தரிக்காத கம்பளி நீரில் ஊறிக் கனத்துப்போயிருக்கும். முதுகு அரிக்கிறதென்று புல்லில் உருண்ட ஆடு, உருண்ட வாக்கிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். அப்படியே விட்டால் வயிறு காற்றேறி உப்பும், பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விடும். அதற்கு முன்பே கண்ணைக் கொத்த ஆள் வந்துவிடுவார்கள். வந்தும்விட்டார்கள். பக்கத்து முட்புதரின் மேல் இரண்டு காகங்கள், கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல, எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருந்தன.

தேநீரைப் புல்லில் கொட்டிவிட்டு கிளெனிஸ் எழுந்தாள். "வந்தா வந்த இடத்துல கல்லால அடிப்பேன்" என்று காகங்களைப் பார்த்துச் சொன்னாள். அவை அசையவில்லை.

உண்மையில் அவள் அன்றைக்கு மலைக்கு வருவதாகவே இல்லை. கீழே ஊரில் தேவாலயத் திருவிழா. புல்வெளியில் கொடித்தோரணம் கட்டி, மேசை போட்டு, கேக்கும் பழைய புத்தகமும் விற்பார்கள். பன்றிக்குட்டியின் எடையை ஊகித்துச் சொன்னால் பரிசு உண்டு. கிளெனிஸ் காலையிலேயே இரண்டு எலுமிச்சைக் கேக்குகளைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, கடை போட உதவிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் மேசை விரிப்பை உதறிக்கொண்டே ஒருத்தி சொன்னாள்: "மொரீன் வீட்டு வாசல்ல 'வீடு விற்பனைக்கு'ன்னு பலகை நட்டுட்டாங்களாமே. உனக்குத் தெரியும்தான, கிளெனிஸ்?" உனக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும் என்கிற தொனியில். சுற்றியிருந்தவர்கள் எல்லாரும் திடீரென்று கேக்குகளை நேராக அடுக்க ஆரம்பித்தார்கள். கிளெனிஸ் கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, நடைக் காலணியை மாட்டிக்கொண்டு, ஏற ஆரம்பித்துவிட்டாள்.

மொரீன் அவளுடைய தங்கை. குன்றுக்கு இந்தப் பக்கம் கிளெனிஸ், அந்தப் பக்கம் மொரீன். நடந்தால் ஒரு காலை வேளை, காரில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். இருவரும் பேசி ஆறு வருஷம் ஆகியிருந்தது. அப்பாவை அடக்கம் செய்த அன்று, ஊர் மண்டபத்தில் தேநீர் விருந்து. விடியற்காலையிலிருந்து கிளெனிஸ் தன் கையால் ரொட்டி அறுத்து, வெண்ணெய் தடவி, வெள்ளரிக்காய் வைத்து அடுக்கிய சாண்ட்விச்சை ஒரு கடி கடித்துவிட்டு, பாதிரியார் பக்கத்தில் நிற்கும்போதே மொரீன் சொன்னாள்: "கடையிலயே வாங்கியிருக்கலாமே, க்ளென்." அவ்வளவுதான். கடைசி இரண்டு வருஷம் அப்பாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவில் எழுந்து புரட்டிப் போட்டவள் கிளெனிஸ். ஞாயிற்றுக்கிழமை தோறும் பூங்கொத்தோடு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்துவிட்டுப் போனவள் மொரீன். "விருந்தாளியாவே வந்து போனவளுக்கு விருந்து நல்லாத்தான் இருக்கணும்" என்று கிளெனிஸ் பதில் சொன்னது மண்டபத்தின் மறுமுனை வரைக்கும் கேட்டது. அதற்குப் பிறகு மொரீன் செவ்வாயில் சந்தைக்குப் போனால் கிளெனிஸ் வியாழனில் போனாள். கிளெனிஸ் அப்போது அந்த வட்டாரத்துப் பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிறுத்தத்தில் நிற்கும் மொரீன், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் யார் என்று பார்த்துவிட்டு, பஸ்ஸையே விட்டுவிடுவாள். ஒருநாள் கொட்டும் மழை. கிளெனிஸ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பஸ் முழுக்க ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. மொரீன் குடையைச் சாய்த்து, ஏதோ மேகத்தை ஆராய்வதுபோல நின்றாள். கடைசியில் கதவு மூடியது. அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து.

இப்போது ஆட்டின் பக்கத்தில் மண்டியிட்ட கிளெனிஸ், ஈரக் கம்பளிக்குள் இரு கைகளையும் நுழைத்துத் தள்ளிப் பார்த்தாள். நல்ல கனத்த தாயாடு. முதுகில் நீலச் சாயத்தில் ப்ரைஸ் பண்ணையின் அடையாளம். சற்றுத் தள்ளி, தாயளவே வளர்ந்துவிட்ட அதன் குட்டி, எதையும் பார்க்காததுபோல மேய்ந்துகொண்டிருந்தது. பாதி வரைக்கும் உருண்டு வந்த ஆடு, தொட்டிலைப்போல ஆடித் திரும்பவும் மல்லாந்தது. காலமெல்லாம் பஸ் திருப்பித் தேய்ந்த அவளுடைய இடது தோள், விண்ணென்று தெறித்தது. இன்னொரு தரம் முயன்றாள். இன்னொரு தரம். ஆட்டின் மஞ்சள் கண் அவளை ஒருமாதிரி வெறுப்போடு பார்த்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் பத்துப் பேராவது நடக்க வருவார்கள். இன்றைக்கென்று எல்லாரும் கீழே பன்றிக்குட்டியின் எடையை ஊகித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் மறுபக்கத்துப் பாதையில் ஒரு வைக்கோல் தொப்பி மேலே எழும்பி வந்தது. இரண்டு கைகளிலும் ஊன்றுகோல். ஒரு காலை வைத்து, நின்று, மறுகாலைக் கொஞ்சம் வெளிப்புறமாக வீசி வைத்து வருகிற நடை. முகம் தெரிவதற்கு முன்பே, அந்தத் தோள் குலுங்கும் விதத்திலிருந்தே கிளெனிஸுக்குத் தெரிந்துவிட்டது. பெரணிக்குள் குனிந்துகொள்ளலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. அறுபத்தெட்டு வயதில், ஒரு ஆட்டுக்குப் பின்னால் ஒளிந்து. ஆட்டின் கால் மறுபடி உதைத்தது. முதல் தடவையைவிட மெதுவாக.

மொரீன் பாதை சேருமிடத்தில் வந்து நின்றாள். மூச்சு வாங்கியது. முகம் தக்காளியாகச் சிவந்திருந்தது. அக்காவைப் பார்த்தாள், ஆட்டைப் பார்த்தாள், காகங்களைப் பார்த்தாள், மறுபடி அக்காவைப் பார்த்தாள். தலைக்கு மேலே எங்கேயோ ஒரு வானம்பாடி நிறுத்தாமல் பாடிக்கொண்டிருந்தது.

"காலைப் பிடி" என்றாள் கிளெனிஸ்.

"எந்தக் காலை?"

"எது கைக்குச் சிக்குதோ அதை."

ஆறு வருஷத்தில் அவர்கள் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

மொரீன் ஊன்றுகோல்களைப் புல்லில் போட்டுவிட்டு வந்தாள். "என்னால மண்டி போட முடியாது. முட்டி புதுசு."

"தெரியும். நின்னுக்கிட்டே இழு. நான் இந்தப் பக்கத்துலேர்ந்து தள்றேன்."

"தோள் பக்கத்துல தள்ளாத, இடுப்புல தள்ளு. சின்ன வயசுலேர்ந்து இதையேதான் தப்பாப் பண்ற."

"மொதல்ல நீ இழுடி."

ஒருத்தி தள்ள, ஒருத்தி கம்பளியைப் பற்றி இழுக்க, ஆடு ஒரு பெரிய ஈர மூட்டையைப்போல உருண்டு, முன்னங்காலை ஊன்றி, பின்னங்காலை ஊன்றி, எழுந்து நின்றது. ஒரு அடி எடுத்து வைத்தது. கள் குடித்தவனைப்போலத் தள்ளாடி மொரீன் பக்கம் சாய்ந்தது. மொரீன் தன் நல்ல முட்டியால் முட்டுக் கொடுத்தாள். அது உடனே கிளெனிஸ் பக்கம் சாய்ந்தது.

"விட்டா திரும்ப விழும்" என்றாள் கிளெனிஸ். "தலை நெலைக்கு வர்ற வரைக்கும் பிடிச்சுக்கணும்."

அப்படியாக அக்காவும் தங்கையும், நடுவில் ஒரு ஆட்டை வைத்துக்கொண்டு, நேருக்கு நேர் நின்றார்கள். நகர வழியில்லை. கிளெனிஸ் தங்கையின் தொப்பியைப் பார்த்தாள். மொரீன் அக்காவின் காதோரத்தைப் பார்த்தாள். மொரீனுக்கு வயதாகியிருந்தது, கன்னத்தின் கீழே சதை தளர்ந்து, அச்சு அசல் அம்மா. கிளெனிஸுக்கு அதை உடனே சொல்லிவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள் என்பதும் தெரியும். அம்மாவின் தாடையை இருவருமே விரும்பியதில்லை. வெயில் முதுகில் இதமாக ஏறியது. ஈரக் கம்பளியிலிருந்து ஆவி கிளம்பியது, எண்ணெயும் சாணமும் கலந்த வாசனையோடு.

"என் முட்டி புதுசுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் மொரீன்.

"ஊர்ல சொன்னாங்க."

"ஊர்ல சொன்னாங்க." மொரீன் தலையாட்டினாள். "முட்டி மாத்துனப்போ ஆஸ்பத்திரியில எனக்கு முதல் மாடியில படுக்கை. ஜன்னலோரம். கீழே கார் நிறுத்துற இடம்."

கிளெனிஸ் ஆட்டின் கழுத்துக் கம்பளியில் ஒட்டியிருந்த முள்ளைப் பிடுங்க ஆரம்பித்தாள்.

"உன் பச்சைக் கார் எனக்குத் தெரியாதாடி? பக்கத்துப் படுக்கைக்காரிகிட்டகூடச் சொன்னேன், எங்க அக்கா வந்துட்டா பாருன்னு. தலையெல்லாம் வாரிக்கிட்டேன். நீ இறங்கவே இல்ல. உள்ள உக்காந்துக்கிட்டு திராட்சை தின்ன."

"கொஞ்சந்தான்."

"கொத்து முழுக்க. ஒண்ணொண்ணாப் பிச்சுப் பிச்சு. எனக்குன்னு வாங்கிட்டு வந்ததத்தான?"

"அது புளிப்பு" என்றாள் கிளெனிஸ். "உனக்குப் புளிப்பு ஆகாது."

மொரீன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அந்த நேரம் பார்த்து, காலையிலிருந்து அடைபட்டுக் கிடந்த காற்று ஆட்டின் வயிற்றிலிருந்து வெளியேறத் தொடங்கியது. நீளமாக, நிதானமாக, முடிந்துவிட்டது என்று நினைக்கும்போது மறுபடி தொடங்கி, தேவாலயத்துப் பழைய ஆர்கனைப்போல ஏறி இறங்கி. ஆட்டின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மொரீன்தான் முதலில் உடைந்தாள். மூக்கால் ஒரு சத்தம் வந்தது, பிறகு தோள்கள் குலுங்கின. கிளெனிஸ் உதட்டைக் கடித்துப் பார்த்தாள், முடியவில்லை. இருவரும் ஆட்டின் முதுகில் கையை ஊன்றி, தலையைக் கவிழ்த்து, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்கள். நிற்கப்போகிற சமயத்தில் ஆடு சாவகாசமாக மொரீனின் காலணி மேல் மூத்திரம் பெய்தது. அவள் நகர முடியாமல் அங்கேயே நின்று, "விட்றாத, விட்றாத, பிடிச்சுக்கோ" என்று கத்தியபடி சிரித்தாள். காகங்கள் வெறுத்துப்போய்ப் பறந்துவிட்டன.

சிரித்து ஓய்ந்தபின் இருவரும் முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"அன்னிக்கு மழையில" என்றாள் மொரீன், தொப்பியின் விளிம்பைச் சரிசெய்தபடி, "கதவத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னியே."

"நின்னேன்."

"ஏறியிருப்பேன். எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தாங்க."

"நானுந்தான் இறங்கி வந்திருப்பேன். பஸ்ல இருந்தவங்களுக்கு நேரமாச்சு."

மொரீன் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். "அப்பாவ அப்படிப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல, க்ளென். வாசல்ல கார நிறுத்திட்டு, உள்ள வர்றதுக்கே எனக்கு அரைமணி நேரம் ஆகும். அந்தப் பூவெல்லாம் கார்லயே வாடிடும்."

கிளெனிஸுக்கு அந்தப் பூங்கொத்துகள் ஞாபகம் வந்தன. தலை தொங்கிய பூக்கள். மலிவு விலையில் மிஞ்சினதை வாங்கி வருகிறாள் என்றே அத்தனை நாளும் நினைத்திருந்தாள். நினைத்து, அந்த நினைப்பை வைத்தே ஆறு வருஷத்தை ஓட்டியிருந்தாள்.

"எனக்கும் தைரியம் இல்லடி" என்றாள். "யாராவது ஒருத்தர் இருக்கணும்ல."

பண்ணைகளில் ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிள் ஒன்று சரிவில் உறுமிக்கொண்டு வந்தது. ப்ரைஸ். திருவிழாவுக்காகச் சட்டையை மாற்றி, அதன் மேல் பண்ணைக் கோட்டைப் போட்டிருந்தான். வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, நாடகம் பார்ப்பவன்போல ஹேண்டில்பாரில் கைகளை மடித்து வைத்துக்கொண்டான்.

"மல்லாந்துடுச்சா?"

"மல்லாந்து ரொம்ப நேரம் ஆச்சு" என்றாள் கிளெனிஸ். "உன் ஆட்ட நீ பாக்காம பன்னிக்குட்டி எடை பாத்துக்கிட்டிருந்தியா?"

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கிறதத் தூரத்துலேர்ந்து பாத்தேன். ஆடு செத்துத்தான் போச்சு, அடக்கம் பண்றாங்கன்னு நெனச்சேன்."

"வாய மூடிட்டு இதப் பிடி" என்றாள் மொரீன்.

பிடிக்கத் தேவை இருக்கவில்லை. ப்ரைஸ் பக்கத்தில் வந்ததும் ஆடு ஒரு உலுக்கு உலுக்கி, இருவரின் முட்டிகளிலிருந்தும் விடுவித்துக்கொண்டு, எட்டு வைத்து நடந்து, பிறகு ஓடியது. அதுவரை கண்டுகொள்ளாமலிருந்த குட்டி பாய்ந்து வந்து, மடிக்கு அடியில் தலையைக் கொடுத்து முட்டிய முட்டலில் தாயின் பின்னங்கால்கள் தரையை விட்டு எழும்பின. "நன்றிகெட்ட ஜென்மம்" என்று ப்ரைஸ் சொன்னது எந்த ஆட்டைப் பற்றி என்று தெரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு கீழே போனான். கேக் மேசைக்குச் செய்தி போய்ச் சேர இன்னும் பத்து நிமிஷம்கூட ஆகாது என்பது இருவருக்கும் தெரியும்.

ஆடு போனபின், நடுவில் வெறும் மிதிபட்ட புல்தான் இருந்தது. எதிரெதிரே நிற்க இப்போது காரணம் எதுவும் இல்லை. கிளெனிஸ் ஊன்றுகோல்களை எடுத்துக் கொடுத்தாள். "பலகை நட்டிருக்கீங்களாமே" என்றாள்.

"டெரிக் நட்டான்." டெரிக் மொரீனின் கணவன். "படி ஏற முடியல, தோட்டம் பாத்துக்க முடியல, கடற்கரைப் பக்கம் பொண்ணு வீட்டுகிட்ட ஒரு ஃபிளாட் பாத்து வெச்சிருக்கான். எல்லாம் ஒரே தளமாம். தரையெல்லாம் பளபளன்னு. மாவு உருட்டுற பலகையாட்டம் தட்டையான ஊரு, க்ளென். மொதல்ல கேலோவுல ஏறிப் பாக்குறேன், உச்சி வரைக்கும் போயிட்டா அப்பறம் வீட்டப் பத்திப் பேசலாம்னு சொல்லிட்டு வந்தேன். சிரிச்சான்."

இருவரும் உச்சியைப் பார்த்தார்கள். கடைசி ஏற்றம் மட்டும்தான் பாக்கி. ஆனால் அது செங்குத்து. சரளைக்கல் பாதை, இருபுறமும் ஊதாப் பூ பூக்கும் ஹெதர் புதர், மேலே வெறும் நீலம்.

"இதுவரைக்கும் வந்ததே பெருசு" என்றாள் கிளெனிஸ். சொன்னதுமே அது தவறான வார்த்தை என்று தெரிந்தது. மொரீனின் தாடை, அம்மாவின் தாடை, முன்னால் வந்தது.

"டெரிக்கும் இதையேதான் சொல்வான்" என்று ஊன்றுகோலைக் குத்தி ஏற ஆரம்பித்தாள்.

கிளெனிஸ் பின்னால் போனாள். முதலில் கை நீட்டவில்லை. கல் உருண்டு மொரீன் ஒருமுறை தடுமாறியபோது, தன் வலத்தோளை அவள் கைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தாள். பஸ்ஸில் கம்பி இருப்பதுபோல. மொரீனும் அதைப் பிடித்துக்கொண்டாள். நாலு எட்டுக்கு ஒருமுறை நின்றார்கள். நின்ற இடத்திலெல்லாம் மொரீன் திட்டினாள்: மருத்துவரை, கல்லை, வெயிலை, தன் காலணியின் நாற்றத்தை, டெரிக்கின் கடற்கரையை. திட்டு முடிந்ததும் ஏறினாள். பாதி வழியில் புதருக்குள் குனிந்து, "பழுத்துடுச்சு" என்றாள். புதர் முழுக்கச் சின்னச் சின்ன கருநீலப் பழங்கள், மேலே சாம்பல் பூத்து. இந்த வருஷத்தின் முதல் வின்பெரி. பறித்து வாயில் போட்டுக்கொண்டார்கள். கை நிறையப் பறித்து மறுபடி போட்டுக்கொண்டார்கள். பாதையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்பதால் மொரீன் நின்றபடியே, கிளெனிஸ் பறித்துக் கொடுக்கக் கொடுக்க, தின்றாள். கொஞ்ச நேரத்தில் இருவர் பல்லும் உதடும் மசி குடித்ததுபோல நீலமாகிவிட்டன.

"இதுகூடப் புளிப்புத்தான்" என்றாள் கிளெனிஸ்.

"பறிக்கிறத நிறுத்தாத" என்றாள் மொரீன்.

உச்சியில் எப்போதும்போலக் காற்று. வழிப்போக்கர்கள் ஒவ்வொருவராக வைத்துக் குவித்த கற்குவியலில் மொரீன் கையை ஊன்றி நின்றாள். காற்சட்டையை முட்டிக்கு மேல் சுருட்டிவிட்டு, நடுவே ஓடிய நீளத் தழும்புக்கு வெயில் காட்டினாள். குழந்தைக்கு ஊர் காட்டுவதுபோல இருந்தது. இந்தப் பக்கம் கிளெனிஸின் ஊர். தேவாலயமும், புல்வெளியில் வண்ணப் புள்ளிகளாகத் தோரணங்களும். அந்தப் பக்கம் ஆற்று வளைவும், மரங்களுக்கு நடுவே மொரீனின் ஓட்டுக்கூரையும். உச்சிக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறாள் கிளெனிஸ்; இந்த ஆறு வருஷமும் அந்தப் பக்கம் திரும்பாமலே இறங்கிப் போயிருக்கிறாள். இப்போது பார்த்தாள். துணி காயப்போட்டிருந்தது. யாரோ புல் வெட்டிய வாசனை காற்றோடு அவ்வளவு தூரம் ஏறி வந்தது.

மொரீனின் பையில் ஃபோன் அடித்தது. "டெரிக்" என்று சொல்லிவிட்டுக் காதில் வைத்தாள். "ஆமா... இல்ல, வலிக்கல... இல்லப்பா, இன்னும் ஏறிக்கிட்டுத்தான் இருக்கேன். பாதிகூட ஆகல. நீ சாப்பிட்டுடு." அவளுடைய நீலப் பற்கள் அக்காவைப் பார்த்துச் சிரித்தன. "தனியா இல்ல. ஒரு ஆளு கூட இருக்கு. நீ சாப்பிடு."

ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினாள். நரைத்த முடி காற்றில் எழுந்து நின்றது.

அப்போதுதான் ஒரு விமானம் வந்தது. நீண்ட வெள்ளை இறக்கை, எஞ்சின் கிடையாது, காற்றிலேயே மிதப்பது. சரிவுக்குக் கீழிருந்து சத்தமே இல்லாமல் எழும்பி, அவர்கள் நின்ற உயரத்துக்கு வந்து, கண்ணாடிக்குள் இருந்த ஆளின் முகம் தெரிகிற அளவுக்கு அருகில் கடந்தது. அவன் கையைத் தூக்கினான். அக்காவும் தங்கையும் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டினார்கள், சிறுமிகளைப்போல. அதன் நிழல் ஹெதர் மேலும் ஆடுகள் மேலும் ஓடியது. எந்தப் பள்ளத்தாக்கில் இறங்கப் போகிறதென்று இருவரும் கண்ணுக்கு மேல் கைவைத்துப் பார்த்தார்கள். அது இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. குன்றின் தலைக்கு நேர் மேலே வெதுவெதுப்பான காற்றைப் பிடித்துக்கொண்டு, அவர்களைச் சுற்றி வட்டமிட்டு, வட்டமிட்டு, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.